இலுப்பைக் குழியும் வேலாயியின் குகையும்

மூங்கிலாற்றங்கரைக் காட்டில் கரும்பன் என்றொரு கரடி இருந்தான். தேன் எடுப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கூடு எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் மளமளவென்று ஏறி எடுத்துவருவான். பக்கத்துப் புற்றில் குடியிருந்த சிவத்தாள் என்ற கீரிக்கும் அதில் ஒரு பங்கு போகும். கரும்பனின் மனைவி பெயர் தேனாள். அப்போதுதான் அவர்களுக்கு ஒரு குட்டி பிறந்திருந்தது.

ஆற்றுக்குக் கொஞ்சம் மேலே ஒரு பாறைக்குழி. இலுப்பைப் பூக்கள் அதில் விழுந்து, மழைநீரில் ஊறிப் புளித்துக் கிடக்கும். பூக்காலம் முடிந்தாலும் குரங்குகள் உலர்ந்த பூவைக் கொண்டுவந்து கொட்டும். அதனால் குழி வற்றியதே இல்லை. குடித்தால் வலி தெரியாது, கவலை தெரியாது. இன்னும் குடித்தால் தன்னையே தெரியாது.

ஒருநாள் கரும்பன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டான்.

"ஒரு வாய் குடித்துப் பார், வலி பறந்துவிடும்" என்றது ஒரு குரங்கு.

குடித்தான். வலி பறந்தது. மறுநாளும் போனான். இடுப்பு சரியான பிறகும் போனான். நாளாக ஆக, கண்விழித்ததும் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் நடந்தன. தேன் எடுக்க ஏறினால் கைகள் நடுங்கின. "நாளையிலிருந்து குடிக்க மாட்டேன்" என்று தேனாளிடம் சொல்வான். சொல்லும்போது உண்மையாகத்தான் சொல்வான்.

ஒருநாள் தேனாள் கரையான் தோண்டப் புறப்பட்டாள். "குட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றில் வெள்ளம் வருகிறது" என்று சொல்லிவிட்டுப் போனாள். குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று கரும்பன் நினைத்தான்.

அவன் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. குட்டி நனைந்து நடுங்கிக்கொண்டு தேனாளின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. சிவத்தாளின் வாயோரம் கிழிந்து ரத்தம் வழிந்தது. தண்ணீர் இழுத்துக்கொண்டு போன குட்டியின் காதைக் கவ்விக்கொண்டு, தேனாள் ஓடி வரும்வரை சிவத்தாள் ஒரு வேரோடு தொங்கியிருக்கிறாள்.

தேனாள் கத்தவில்லை. "உங்கள்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. ஆனால் இவனை இனி உங்களை நம்பி விட முடியாது" என்றாள். குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு தன் தாய்வீட்டு மலைக்குப் போய்விட்டாள்.

அன்றோடு கரும்பன் குடியை நிறுத்தினான். அடுத்த நாளே கைகால் உதறல் எடுத்தது. உடம்பெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. அதற்கடுத்த நாள், இல்லாத தேனீக்கள் காதுக்குள் இரைந்தன. அவன் அலறிக்கொண்டு ஓடி, பாறையில் மோதி விழுந்தான். எழுந்ததும் நேராகக் குழிக்குத்தான் போனான்.

சிவத்தாள் அவனைக் குழியோரத்தில் கண்டாள்.

"என்னைப் பார்க்காதே தங்கச்சி. எனக்கு மனசில் உறுதி இல்லை. நான் உதவாதவன்" என்றான் கரும்பன்.

"அண்ணே, உனக்குக் கால் ஒடிந்தால் மனசை உறுதி பண்ணிக்கொண்டா நடப்பாய்? வைத்தியம்தானே பார்ப்பாய்? இதற்கும் வைத்தியம் எங்கேயாவது இருக்கும். நான் தேடுகிறேன்."

ஆனால் யாரைக் கேட்பது என்று அவளுக்கும் தெரியவில்லை. மான்களைக் கேட்டாள். "குடிகாரனுக்கு ஏது வைத்தியம்? அவன் தலையெழுத்து அது" என்று சொல்லிவிட்டு மேயப் போய்விட்டன. நரி மட்டும் ஆவலாக முன்னால் வந்தது. "என்னிடம் விடு. ஒரே வாரத்தில் ஆளை மாற்றிக் காட்டுகிறேன். கரடி சேர்த்துவைத்திருக்கும் தேனடையை மட்டும் எனக்குக் கொடுத்துவிட வேண்டும்" என்றது.

வேறு வழி தெரியாமல் கரும்பன் நரியின் வளைக்குப் போனான். சிவத்தாள் பார்க்கப் போனபோது நரி வழியை மறித்தது. "நோயாளியை யாரும் பார்க்கக் கூடாது. அதுதான் வைத்தியம்" என்றது.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. வளையின் பின்பக்கமாகத் தோண்டிக்கொண்டு உள்ளே போனாள். நரி கரும்பனைக் கொடியால் கட்டிப்போட்டிருந்தது. முதுகெல்லாம் முள்குச்சி கீறிய தடம். குடிக்கத் தண்ணீர்கூட வைக்கவில்லை. அவள் கொடியைக் கடித்து அறுத்தாள். இருவரும் சத்தமில்லாமல் வெளியேறினார்கள்.

"உன்னை இங்கே விட்டதற்கு என்னை மன்னித்துவிடு அண்ணே" என்று சிவத்தாள் அழுதாள்.

"நீ என்னைத் தேடி வந்தாயே" என்றான் கரும்பன்.

அதன் பிறகும் அவள் விசாரிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் மலை தாண்டிப் பறக்கும் இருவாச்சிப் பறவை ஒன்று சொன்னது: "இரண்டு மலைக்கு அப்பால் வேலாயி என்ற முள்ளம்பன்றி இருக்கிறாள். இலுப்பையில் சிக்கியவர்களைக் குகையில் தங்கவைத்து வைத்தியம் பார்க்கிறாள். அடிப்பதில்லை, கட்டிப்போடுவதில்லை."

கரும்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். வழியெல்லாம் சிவத்தாள் முன்னால் ஓடி ஓடிப் பாதை பார்த்துச் சொன்னாள். மலையேற்றத்தில் அவன் உட்கார்ந்துவிட்ட போதெல்லாம் அவளும் உட்கார்ந்தாள். அவன் எழுந்தபோது எழுந்தாள்.

குகை வாசலில் ஓர் அத்திமரம். அதன் நிழலில் ஒரு காட்டுப்பன்றியும், ஒரு மிளா மானும், இன்னும் சிலரும் சுருண்டு கிடந்தார்கள். வேலாயி வெளியே வந்தாள். முகத்தில் களைப்பு தெரிந்தது.

"உள்ளே இடம் இல்லை அப்பா. இவர்கள் எல்லோரும் உனக்கு முன்னால் வந்து காத்திருப்பவர்கள்" என்றாள்.

கரும்பன் சிவத்தாளைப் பார்த்தான். "நான் சொன்னேனே, எனக்கு விடிவு கிடையாது என்று" எனத் திரும்பி நடக்கத் தொடங்கினான்.

"நில்" என்றாள் வேலாயி. "படுக்க இடம் இல்லை என்றுதான் சொன்னேன். உன்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த மரத்தடியிலேயே இரு. தினமும் காலையில் வேர்க்கஷாயம் தருகிறேன். குடியை ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதையும் நானே அளந்து தருகிறேன், அந்தப்படி குறைத்துக்கொண்டு வா. இவனோடு யாராவது இருக்க முடியுமா?"

"நான் இருக்கிறேன்" என்றாள் சிவத்தாள்.

அவர்கள் மரத்தடியில் காத்திருந்தார்கள். அந்தக் காட்டுப்பன்றி நல்லவன். கிழங்கு தோண்டினால் கரும்பனுக்கும் ஒன்று கொடுப்பான். ஆனால் அவனுக்குத் துணையென்று யாரும் இல்லை. ஒருநாள் காலையில் வேலாயி கஷாயத்தோடு வந்தபோது அவன் இடம் காலியாக இருந்தது. காத்திருக்க முடியாமல் திரும்பிப் போய்விட்டான். கொஞ்ச நாளில் இருவாச்சி செய்தி கொண்டுவந்தது. பன்றி இலுப்பைக் குழியில் முகம் கவிழ்ந்து செத்துக் கிடந்தானாம். எடுத்துப் போட்டவர்களுக்கு அவன் பெயர்கூடத் தெரியவில்லையாம்.

வேலாயி காலியாகக் கிடந்த அவன் இடத்தைப் பார்த்தாள். "அவன் உள்ளே வர வேண்டிய நாள் நெருங்கியிருந்தது" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு கரும்பனுக்கு இடம் கிடைத்தது. குகைக்குள் மாயமந்திரம் எதுவும் நடக்கவில்லை. வேளைக்குக் கஷாயம், வேளைக்குச் சாப்பாடு, தூக்கம். மாலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மனசில் இருப்பதைப் பேசுவார்கள். முதலில் கரும்பன் வாயைத் திறக்கவே இல்லை. ஒருநாள் குட்டி வெள்ளத்தில் போன கதையைச் சொன்னான். யாரும் அவனை ஏசவில்லை. பக்கத்திலிருந்த மிளா மான் நகர்ந்து வந்து அவன்மேல் சாய்ந்துகொண்டது. குட்டி பிழைத்ததற்கு அன்றுதான் அவன் வாய்விட்டு நன்றி சொன்னான். சிவத்தாளின் கிழிந்த வாயைப் பார்த்து, தேம்பித் தேம்பிச் சொன்னான்.

தேறி வீடு திரும்பினான். மழைக்காலம் வந்தது. தேனாளும் குட்டியும் இல்லாத தனிமை தாங்காமல் ஒருநாள் மறுபடியும் குழிக்குப் போய்க் குடித்துவிட்டான். மறுநாள் வெட்கத்தால் கூனிக் குறுகி, இரண்டு மலை ஏறி இறங்கி வேலாயி முன்னால் போய் நின்றான்.

"தவறிவிட்டேன் அம்மா. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்."

"திரும்பி வந்தாயே, அது போதும். ஆறிய புண்ணில் மறுபடி அடிபட்டால் மறுபடி மருந்து போடுவோம். உட்கார்" என்றாள் வேலாயி.

அதற்குப் பிறகு அவன் குடிக்கவில்லை. கைநடுக்கம் நின்றது. தேன் எடுக்க ஆரம்பித்தான். கேள்விப்பட்டுத் தேனாள் குட்டியோடு வந்தாள். முதலில் தூரத்தில் நின்று பார்த்தாள். பிறகு அடிக்கடி வந்தாள். ஒருநாள் காலையில், "இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், கரையான் தோண்டிவிட்டு வருகிறேன்" என்று இயல்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். கரும்பன் குட்டியை விட்டு ஓரடி நகரவில்லை. அவள் வந்ததும் எழுந்துபோய் மரத்துக்குப் பின்னால் நின்று அழுதான்.

இவ்வளவு கிடைத்த பிறகும் காட்டுப்பன்றியின் நினைவு அவனை விடவில்லை. அவன் சிவத்தாளையும் வேலாயியையும் அழைத்துக்கொண்டு காட்டின் தலைவியான பெரியநாயகி என்ற யானையிடம் போனான். "இன்னும் குகைகள் வேண்டும் தாயே" என்று கேட்டான்.

பெரியநாயகி நல்ல மனசுக்காரி. ஆனால் அவளுக்கு ஆயிரம் வேலை. "வேலாயி, உன் வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? ஒரு மரத்தடிக்குள் அடங்கிவிடுவார்கள். இவ்வளவு பெரிய காட்டில் அது ஒரு பெரிய விஷயமா?" என்றாள்.

"தாயே, ஒரே ஒரு காலை என்னோடு நடந்து வாருங்கள்" என்றான் கரும்பன்.

அவன் அவளை இலுப்பைக் குழிக்குப் போகும் வழியில் அழைத்துப் போனான். அந்தப் பாதையில் ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை. குளம்பு, நகம், பாதம் என்று காட்டிலுள்ள அத்தனை தடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, தரை பாறைபோல் இறுகியிருந்தது.

"வேலாயியின் குகைக்குப் போகும் பாதையையும் பார்த்திருக்கிறேன். அதில் புல் முழங்கால் உயரம் நிற்கிறது" என்றான் கரும்பன். "வாசலுக்கு வந்தவர்களை மட்டும்தான் நீங்கள் எண்ணினீர்கள். வராதவர்கள் இங்கே இருக்கிறார்கள்."

யானையைக் கண்டதும் குழியைச் சுற்றியிருந்தவர்கள் புதருக்குள் ஒளிந்துகொண்டார்கள். கரும்பன் புதர்களைப் பார்த்துச் சொன்னான்: "நானும் இங்கே குடித்துக் கிடந்தவன்தான். உங்களை யாரும் அடிக்க வரவில்லை. விட்டுவிட வேண்டும் என்று நினைத்தவர்கள் யாராவது இருந்தால் வெளியே வாருங்கள்."

கரும்பன் அங்கேயே தரையில் உட்கார்ந்து காத்திருந்தான். பிறகு ஒரு காட்டெருமை வந்தான். "இதற்கு வைத்தியம் உண்டு என்றே எனக்குத் தெரியாது" என்றான். ஒரு பெண்மான் வந்தாள். அவளுக்குத் தெரியும். ஆனால் இரண்டு மலை தாண்டிப் போனால் அவள் குட்டிகளை யார் பார்ப்பார்கள்? ஒரு கிழட்டு மந்தி, தான் ஒருமுறை அத்திமரம்வரை போனதாகவும், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டதாகவும் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டது. நரியிடம் அடிபட்டு ஓடி வந்தவர்களும் இருந்தார்கள்.

கடைசியாக மூங்கில் புதர் விலகியது. வெளியே வந்தவன் ஓர் இளம் கொம்பன் யானை. பெரியநாயகியின் மகன்.

"அம்மா," என்றான் அவன். "சொன்னால் உனக்கு அவமானம் என்று சொல்லாமல் இருந்தேன்."

பெரியநாயகி மெல்ல நடந்துபோய்த் தன் துதிக்கையை அவன் துதிக்கையோடு பின்னிக்கொண்டாள். "அவமானம் உனக்கில்லை. என் காட்டில் உனக்குப் போக ஓர் இடம் இல்லாமல் வைத்திருந்தேனே, எனக்குத்தான்" என்றாள்.

"இவனை முதலில் சேர்த்துக்கொள்ளட்டுமா?" என்று வேலாயி கேட்டாள்.

"வேண்டாம். இவன் வரிசையில் கடைசியில் நிற்கட்டும். வரிசையைக் குறைப்பது என் வேலை."

அந்த வாரமே யானைக் கூட்டம் பாறைகளைப் புரட்டி, ஆற்றுக்கு இந்தப் பக்கமே நாலைந்து குகைகளைத் திறந்துவிட்டது. பெண்மானின் குட்டிகளைப் பார்த்துக்கொள்வதாகத் தேனாள் சொன்னாள். வேலாயி தன் வைத்தியத்தை மிளா மானுக்கும் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தாள். நரியின் வளையைப் பெரியநாயகி தானே போய் மூடினாள். சேதி தெரியாதவர்களுக்குச் சேதி சொல்ல இருவாச்சிகள் பறந்தன.

கரும்பனும் சும்மா இருக்கவில்லை. தினமும் குழிக்குப் போகும் பாதையில் போய் உட்கார்ந்துகொள்வான். யாரையும் தடுக்க மாட்டான். தள்ளாடி வருபவர்களிடம் பேச்சுக் கொடுப்பான். வருகிறேன் என்று சொல்பவர்களோடு குகைவரை கூடவே நடப்பான்.

ஒருநாள் சிவத்தாள் கேட்டாள்: "தினமும் இப்படி நடக்கிறாயே அண்ணே, கால் வலிக்கவில்லையா?"

"வலிக்கிறது" என்றான் கரும்பன். "ஆனால் நீ எனக்காக நடந்தபோது உனக்கும் வலித்திருக்குமே. அந்த நன்றியை வாயால் சொல்லி என்னால் தீர்க்க முடியவில்லை தங்கச்சி."

போதையில் சிக்கியவர் மீண்டுவர அவருடைய மன உறுதி மட்டும் போதாது. போய்ச் சேர ஓர் இடமும் கூட நடக்க ஒரு துணையும் வேண்டும், அவற்றைக் கேட்டு வருபவர்களுக்கு மட்டுமல்லாமல் கேட்க முடியாமல் மறைந்து நிற்பவர்களுக்கும் தேடிக் கொடுப்பது எல்லோருடைய கடமை.