எலி வீட்டுத் தண்ணீர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. உரக்கச் சொன்னால் ஒருத்தனுக்குத் தலைகுனிவு. அப்படிப்பட்ட கதை இது.

செம்மணல் மேடாய்க் கிடக்கும் தேரியில் ஒரு வயசான சாமியார் இருந்தார். கூட ஒரே சீடன், பேரு சுயம்பு. கெட்டிக்காரன். நாம கேட்டு முடிக்குமுன்னே பதில் சொல்லிவிடுவான்.

அது கடுங்கோடை. பட்டுக்கனி என்கிற ஆட்டுக்காரி, தன் சினையாட்டுக்காகத் தினமும் ஆறு மைல் நடந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவாள். ஒருநாள் விடிகாலையில், இருட்டோடவே போய் நிறைகுடத்தோடு திரும்பியவளைச் சுயம்பு மறித்தான். சாமியார் அப்போது அங்கே இல்லை.

"எதுக்கு இந்த நடை? இங்க இருக்கிற வெள்ளெலியைப் பாரு. கிணத்துக்குப் போகுதா, குளத்துக்குப் போகுதா? கொழுகொழுன்னு இருக்கு. அடியில ஊத்து இல்லாமலா?"

"சாமி, உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"நான் சொல்லுறேன்ல. தோண்டு."

எலி வளைக்கு ஏழு வாசல். ஏழும் உள்ளேயிருந்து மண்ணால் அடைத்திருந்தது. சுயம்பு எல்லாவற்றையும் கம்பால் குத்தித் திறந்தான். பெரிய வாசலைக் காட்டினான். அவன் கொடுத்த மண்வெட்டியால் அவள் வெட்டத் தொடங்கினாள். வேர்த்துக் கொட்டக் கொட்டக் குடத்துத் தண்ணீரைச் செம்பால் மொண்டு குடித்தாள்.

உச்சிவெயிலில் இடுப்பளவு குழி. உள்ளே ஒரு புல்மெத்தை, ஒரு பிடி விதை, கண் திறக்காத நாலு குட்டி. தாய் எலி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கடைசி வாசலுக்குள் ஓடியது.

"ஊத்து எங்க சாமி?"

சுயம்பு குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

அவள் குடத்தைச் செம்பில் கவிழ்த்தாள். ஒரு செம்புத் தண்ணீர் தேறியது. அதை அவனிடமே நீட்டினாள்.

"குடிங்க. விடிஞ்சதுலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கிய. தொண்டை காஞ்சிருக்கும்."

கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவனைச் சுட்டது. செம்பை வாங்கி, பக்கத்தில் கட்டியிருந்த அவள் ஆட்டின் முன்னால் வைத்தான். நிமிர்ந்தால், சாமியார் நிற்கிறார்.

அவர் குழியைப் பார்த்தார். வெளியே கிடந்த புல்விதை ஒன்றை எடுத்துச் சுயம்புவிடம் கொடுத்தார். "கடி."

படக்கென்று உடைந்தது.

குழிக்குள் இருந்த விதை ஒன்றைக் கொடுத்தார். கடித்தான். நமத்திருந்தது.

"இதை யாரு ஐயா நனைச்சது?"

"எலியோட மூச்சு."

பட்டுக்கனி தலையை ஆட்டினாள். "அதுக்குத்தானா! வெயில் ஏறுமுன்னே வாசலை அடைச்சிக்கிடும். விட்ட மூச்சு வெளிய போவாது. விதை அதைக் குடிக்கும். விதையை எலி தின்னுக்கிடும்."

"வாசலை அடைக்கும்னு உனக்கு முன்னாலேயே தெரியுமா?" என்றான் சுயம்பு.

"ஆடு மேய்க்கிறவளுக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

சாமியார் காலிக் குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். சுயம்பு ஓடிப்போய் மறித்தான்.

"ஐயா, நான் போறேன். ஆறு மைலு. இந்த வெயில்ல நீங்க..."

"உனக்கு இங்க வேலை இருக்கு. எத்தனை வாசலைத் திறந்தே?"

"ஏழு."

சாமியார் நடந்துவிட்டார்.

சுயம்பு மண்டியிட்டான். குழியைத் தூர்த்தான். ஒவ்வொரு வாசலாகக் கையாலேயே மண் தள்ளி அடைத்தான். பட்டுக்கனி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழாவது வாசலில் மண்ணை அள்ளி வைத்தான். உள்ளேயிருந்து எலி தள்ளிய மண்ணும் வந்து அவன் விரலில் இடித்தது.

கையை எடுத்துக்கொண்டான்.