துரைக்குத் துணை தேடிய கதை

புத்தியை ஒருநாள் தெருவில் கூவிக் கூவி இலவசமாகக் கொடுத்தார்களாம். ஊரே ஓடிப்போய் வாங்கிக்கொண்டது. மூன்று பேர் மட்டும் பை எடுத்துவர வீட்டுக்குப் போய், பை எங்கே பை எங்கே என்று தேடிக்கொண்டே இருந்துவிட்டார்கள். அந்த மூவரும் இப்போது கோணாங்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சொர்ணவல்லி கல்யாணத் தகவல் மையத்தில் வேலை பார்க்கிறார்கள்.

மாசிலாமணி அங்கே மானேஜர். தேசிங்கு ஊர் ஊராகப் போய் வரன் விசாரித்து வருகிறவன். குப்பாண்டி ஜாதகம் பார்த்துப் பொருத்தம் சொல்கிறவன். மூவருமே தங்கமானவர்கள். பொய் தெரியாது, சூது தெரியாது, மற்றதும் தெரியாது. ஒருமுறை மையத்தின் முதலாளி சொர்ணவல்லி அம்மாள், "அந்தப் பொண்ணு வீட்டைப் பாத்துட்டு வாடா" என்று தேசிங்கை அனுப்பினார். தேசிங்கு போனான், எதிர்ச்சாரியில் நின்று வீட்டைப் பார்த்தான், வந்துவிட்டான். "எப்படிடா?" என்று கேட்டதற்கு, "மாடி வீடும்மா. சன்னலுக்குப் பச்சை பெயிண்ட்" என்றான். என் கல்யாணத்தையும் இவர்கள்தான் முடித்துவைத்தார்கள். அதைப் பற்றி அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

மையத்தின் முன்னறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் தன்னந்தனியாக ஒரு ஆஸ்கர் மீன். கறுத்த உடம்பில் தணல் தணலாய்ச் சிவப்புத் திட்டுகள், துருத்திக்கொண்டிருக்கும் கீழுதடு, வந்தவர்களை மேலும் கீழும் அளக்கிற பார்வை. பெயர் துரை. வரன் அமையாத கோபத்தில் சண்டை போட வருகிறவர்கள்கூடத் துரையைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அம்மாளுக்குத் துரை என்றால் உயிர். பெற்ற மகளை "அடியே" என்றுதான் கூப்பிடுவார். துரையை "அய்யா ராசா" என்பார்.

மகளுக்கு இரண்டாவது பிரசவம். அம்மாள் கோயம்புத்தூருக்குக் கிளம்பினார். கிளம்பும்போது மூவரையும் வரிசையாக நிற்கவைத்தார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. இறாலை உரிச்சுப் போடுங்க. உசுரோட எதையும் போடாதீங்க, அதுல சீக்கு வரும். எவ்வளவு தின்னு முடிக்கிறானோ அவ்வளவுதான் போடணும், மிஞ்சக் கூடாது. அப்புறம், புள்ள தனியாவே கிடந்து ஏங்கிப் போச்சு. நல்ல துணையா ஒண்ணு பாத்து விடுங்க. அவன் வாய்க்குள்ள போற அளவுல மட்டும் விட்டுராதீங்க."

"சரிம்மா" என்றார்கள் மூவரும்.

"நான் திரும்பி வர்றப்ப துரை நல்லா இருக்கணும். இல்லேன்னா மூணு பேரும் வேற வேலை பாத்துக்கங்க."

வேறு வேலை என்று ஒன்று இந்த உலகத்தில் அவர்களுக்குக் கிடையாது. அது ஊருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரிந்த ஒன்றிரண்டு விஷயங்களில் அதுவும் ஒன்று.

முதலில் சாப்பாட்டு வேலை. தேசிங்கு மார்க்கெட்டுக்குப் போய் இறால் வாங்கி வந்தான். குப்பாண்டி உரிக்க உட்கார்ந்தவன், கையை இழுத்துக்கொண்டான்.

"அண்ணே, உசுரோட போடக் கூடாதுன்னாங்களே. இது செத்துருச்சான்னு எப்படித் தெரியும்?"

"ஐஸ்ல கிடந்துச்சுடா" என்றான் தேசிங்கு.

"ஐஸ்ல கிடந்தா செத்ததா அர்த்தமா? பால்காரர் மகன் காஷ்மீர்ல பட்டாளத்துல இருக்கான். வருஷம் பூரா ஐஸ்லதான் கிடக்கான். போன மாசம்கூட லெட்டர் போட்டான்."

மாசிலாமணி யோசித்தார். விஷயம் பெரிது, அவசரப்படக் கூடாது என்று அவருக்குப் பட்டது. இறாலையெல்லாம் தட்டில் பரப்பிவைத்து, மூவரும் சுற்றி உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தார்கள். வரன் கேட்டு வந்த ஒரு குடும்பம் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, துக்க வீடு என்று நினைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டது. மதியம்வரை ஒரு இறாலும் அசையவில்லை. குப்பாண்டி தட்டைக் கும்பிட்டுவிட்டு உரிக்கத் தொடங்கினான்.

தேசிங்கு ஒரு இறாலைப் போட்டான். துரை தின்று முடித்தார். இன்னொன்று போட்டான். அதையும் முடித்தார்.

"முடிச்சிட்டாருண்ணே. அப்ப இதுதான் அளவா?"

"முடிச்சிட்டாருன்னா அளவு இன்னும் வரலைன்னு அர்த்தம்" என்றார் மாசிலாமணி. "மிஞ்சினாத்தானே இது கூடுதல்னு தெரியும்?"

"மிஞ்சக் கூடாதுன்னாங்களே."

"மிஞ்சக் கூடாது, சரி. எங்க மிஞ்சும்னு தெரிஞ்சாத்தானேடா மிஞ்சாமப் போட முடியும்?"

மூவரும் இந்தப் பேச்சை அசைபோட்டபடி போட்டுக்கொண்டே இருந்தார்கள். தட்டு காலியாயிற்று. துரை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, அடுத்தது எங்கே என்கிற மாதிரி நின்றார். மறுநாள் இன்னும் அதிகமாக வாங்கினார்கள். அதுவும் மிஞ்சவில்லை. சில நாளில் துரையின் வயிறு பணியாரம் போல உப்பிவிட்டது. "முகத்துல ஒரு தெளிவு வந்துருக்கு பாருங்க" என்று குப்பாண்டி பூரித்துப்போனான்.

அடுத்தது துணை. ஜெபராஜின் கலர் மீன் கடைக்கு மூவரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு போனார்கள்.

"ஆஸ்கருக்கா?" என்றார் ஜெபராஜ். "அப்ப அவன் அளவுக்கு, அவனை மாதிரியே முரட்டு மீனாத்தான் விடணும். சின்னதை விட்டா அவ்வளவுதான். இந்தா, இந்தக் கெளுத்தி நல்ல பெருசு. இந்தக் கிளி மீனும் தாங்கும். எதைப் பிடிக்கட்டும்?"

"அதெப்படிங்க? பாத்த உடனே கையோட கூட்டிட்டுப் போனா நாலு பேரு என்ன நினைப்பாங்க? முதல்ல போட்டோ குடுங்க. மாப்பிள்ளைக்குப் பிடிக்க வேணாமா?" என்றார் மாசிலாமணி.

கடையிலிருந்த மீன்களையெல்லாம் தேசிங்கு செல்போனில் படம் பிடித்து, ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு வாங்கினான். திரும்பி வந்ததும் துரையின் முன்னால் ஒவ்வொரு படமாகப் பிடித்துக் காட்டினார்கள். கெளுத்தியைக் காட்டினார்கள். துரை வாலைத் திருப்பிக்கொண்டார். "மீசை இருக்குல்ல, அதான்" என்றான் குப்பாண்டி. கிளி மீனைக் காட்டினார்கள். துரை கண்டுகொள்ளவே இல்லை. கடைசியாக, விரல் நீளத்தில் தளதளவென்றிருந்த ஒரு தங்க மீனைக் காட்டினார்கள். துரை வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்து வந்து கண்ணாடியில் மோதினார்.

"ஆத்தி! என்ன ஆசை, என்ன ஆசை!" என்றான் தேசிங்கு.

"எத்தனையோ மாப்பிள்ளைங்களைப் பாத்துட்டேன். மென்னு முழுங்குவாங்க, பிடிச்சிருக்கான்னு வாயைத் தொறக்க மாட்டாங்க. இவரு எப்படித் தொறந்து சொல்லிட்டாரு பாருங்க!" மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

குப்பாண்டிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "வாய்க்குள்ள போகக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்களே?"

நியாயமான கேள்வி. தேசிங்கு பக்கத்துத் தையல் கடையில் டேப் வாங்கி வந்து, துரை சும்மா நின்ற நேரமாகப் பார்த்துக் கண்ணாடியின் மேல் வைத்து அளந்தான். "வாய் இறுக்கி மூடியிருக்குண்ணே. இதுக்குள்ள ஊசிகூடப் போகாது."

"தொறந்தா?"

"ஏண்டா, பொண்ணு வர்ற அன்னிக்கு எந்த மாப்பிள்ளையாவது வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பானா?" என்று மாசிலாமணி ஒரு அதட்டுப் போட்டார். குப்பாண்டி அடங்கிவிட்டான். தங்க மீனின் பிறந்த நேரத்தை ஜெபராஜிடம் கேட்டான். "அது லாரியில வந்துச்சுப்பா" என்றார் அவர். லாரி வந்த நேரத்தை வைத்து நட்சத்திரம் கணித்துப் பொருத்தம் பார்த்தான். பேஷாக இருந்தது.

நல்ல நாள் பார்த்து, தொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பாலிதீன் பையோடு தங்க மீனை இறக்கினார்கள். பையின் வாயை அவிழ்த்துவிட்டு, புதுசாகச் சேர்ந்தவர்களை முறைத்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். பின்னால் தண்ணீர் ஒருமுறை சளக்கென்றது. திரும்பிப் பார்த்தால் துரை மட்டும்தான் இருந்தார்.

"பொண்ணு எங்கடா?"

"வெக்கம்ணே. கல்லுக்குப் பின்னால போயிருக்கும்."

சாயங்காலம்வரை வெட்கம் தெளியவில்லை. கல்லை நகர்த்திப் பார்த்தார்கள், காற்று மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார்கள். பெண் இல்லை. இந்தத் தொழிலில் அனுபவம் உள்ளவர்கள் என்பதால் நடந்தது என்ன என்று அவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"ஓடிப்போயிருச்சு" என்றார் மாசிலாமணி.

"யாரோட?"

தொட்டியில் வேறு ஆள் என்று இருந்தது, முத்துக் குளிக்கிற ஒரு பீங்கான் பொம்மைதான். அது வைத்த இடத்தில் அப்படியே நின்றது. அதன் மேல் பழி இல்லை என்று தீர்மானமாயிற்று. "மாப்பிள்ளை முகத்தைப் பாருங்கண்ணே. ஒண்ணுமே நடக்காத மாதிரி எவ்வளவு தைரியமா இருக்காரு!" என்று குப்பாண்டி மூக்கைச் சிந்தினான். தேசிங்கு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, "மஞ்சக் கலர்ல, சின்னதா, தனியா ஒண்ணு வந்துச்சா?" என்று ஒரு கண்டக்டரிடம் விசாரித்தான். "முகூர்த்த நாளு. மஞ்சக் கலர்ல பஸ்ஸு பூராப் போச்சு. எதுன்னு சொல்ல?" என்றார் அவர்.

ஒருவேளை பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கலாம் என்று ஜெபராஜ் கடைக்குப் போய்க் கேட்டார்கள். ஜெபராஜ் சிரித்துச் சிரித்து அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் தின்னுட்டான்யா!"

மாசிலாமணிதான் முதலில் கேட்டார். "உசுரோடவா?"

அம்மாள் சொன்னது மூவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. ஓட்டமாக ஓடி வந்து பார்த்தால், துரை தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தார். தணல் நிறம் அவிந்து சாம்பல் பூத்திருந்தது. இறாலைக் காட்டினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. குப்பாண்டி வாய்விட்டு அழுதான். வேலை போய்விடும் என்றுதான் முதலில் அழுதான். கொஞ்ச நேரத்தில் துரைக்காகவே அழ ஆரம்பித்துவிட்டான். எனக்கு இவர்களைப் பிடிப்பதே இதற்காகத்தான்.

ஜெபராஜ் நேரில் வந்து பார்த்தார். "மூக்கு முட்டத் தின்னுருக்கான். ரெண்டு மூணு நாள் ஒண்ணுமே போடாதீங்க. கொஞ்சம் பெரிய தண்ணியில விடுங்க. தானாச் சரியாயிரும்."

பின்கட்டில் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி இருந்தது. கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, துரையை அதில் விட்டார்கள். அந்த நேரத்தில் போன் அடித்தது. அம்மாள்தான்.

"பேத்தி பொறந்திருக்காடா! வெள்ளிக்கிழமை காலையில வந்து தலையைக் காட்டிட்டுப் போறேன். துரைக்குத் துணை பாத்தாச்சா?"

மாசிலாமணிக்குப் பொய் வராது. "பாத்துக்கிட்டே இருக்கோம்மா."

"இன்னுமா? நான் வர்றப்ப அவன் துணையோட இருக்கணும், சொல்லிட்டேன்!"

போனை வைத்துவிட்டு மூவரும் சிமெண்டுத் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இந்தமுறை தப்பு நடக்கக் கூடாது. என்னென்ன வேண்டும் என்று மாசிலாமணி விரல் மடக்கினார்.

"வாயைத் தொறந்தாலும் உள்ள போகக் கூடாது. அவரை விடச் சின்னதா இருக்கக் கூடாது. இறால் திங்கணும். மீசை இருக்கக் கூடாது, அது அவருக்குப் பிடிக்கலை."

தேசிங்கு மெல்லத் திரும்பி, மீசை மழித்த குப்பாண்டியின் முகத்தைப் பார்த்தான். மாசிலாமணியும் பார்த்தார்.

"எனக்கு இறால் பிடிக்கும்தான்..." என்றான் குப்பாண்டி.

தேசிங்கு டேப்பை எடுத்துக் குப்பாண்டியின் தலையைச் சுற்றி அளந்தான். துரை கொட்டாவி விடும்வரை காத்திருந்து அவருடைய வாயையும் அளந்தான். "போகாதுண்ணே. காது தட்டும்."

"முரட்டுக் குணம் வேணும்னு ஜெபராஜ் சொன்னாரே?"

"அன்னிக்கு சைக்கிள்காரன் இடிச்சுட்டுப் போனப்ப, 'பாத்துப் போங்க சார்'னு இவன் கத்துனானே, மறந்துட்டீங்களா?"

மாசிலாமணி தலையை ஆட்டினார். குப்பாண்டி நேர்மையானவன். தன் ஜாதகத்தைத் தானே எடுத்துவைத்து, ஒரு கட்டமும் விடாமல் பார்த்தான். பத்துக்கு எட்டுப் பொருந்தியது. அதற்கு மேல் அவனாலும் மறுத்துப் பேச முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சொர்ணவல்லி அம்மாள் வந்து இறங்கினார். முன்னறையில் கண்ணாடித் தொட்டி காலியாகக் கிடந்தது. "அய்யா ராசா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டில் புறப்பட்ட ஒரு பஸ் நின்றுவிட்டது. மாசிலாமணி பதறிக்கொண்டு ஓடி வந்து, அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார்.

துரை அங்கே கம்பீரமாக நீந்திக்கொண்டிருந்தார். பட்டினி கிடந்ததில் வயிறு வடிந்து, தணல் நிறம் பழையபடி ஏறி, வாலை ஒரு சுழற்றுச் சுழற்றி வந்தார். அம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தவர், அப்போதுதான் தொட்டியின் மூலையைப் பார்த்தார். குப்பாண்டி கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். விரலெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. துரை அவன் காதோரமாக ஒதுங்கி நின்றார்.

"இவன் ஏண்டா உள்ள உக்காந்திருக்கான்?"

மாசிலாமணி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மாள் கவிழ்த்துக் கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே துரையை இன்னொருமுறை எட்டிப் பார்த்தார்.

"சரி. துரை நல்லா இருக்கான், அது போதும். எல்லாரும் வேலையைப் பாருங்க. டேய் குப்பாண்டி, எந்திரிச்சு வெளிய வாடா."

குப்பாண்டி அசையவில்லை. மாசிலாமணி அம்மாளின் பக்கத்தில் வந்து குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அதுலதாம்மா ஒரு சின்னச் சிக்கல். ரெண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போச்சு. ஆனா நாம அடிக்கடி வந்து எட்டிப் பாக்குறது அவனுக்குக் கூச்சமா இருக்காம். தனிக்குடித்தனம் போகணும்ங்கிறான். தேசிங்கு காலையிலயே தொட்டி பாக்கப் போயிருக்கான்."

அம்மாள் குப்பாண்டியைப் பார்த்தார். குப்பாண்டி வெட்கப்பட்டுத் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டான்.