சடையனின் இடது கை

கரட்டுக்காட்டில் ஒரே ஒரு குட்டைதான். அதற்கு மேற்கே இருந்தவை மேக்காட்டு மிருகங்கள். கிழக்கே இருந்தவை கீழ்க்காட்டு மிருகங்கள். மழைக்காலத்தில் இரண்டு தரப்புக்கும் ஒரு சண்டையும் கிடையாது. ஆடி பிறந்து, குட்டை வற்றி, நடுவில் இருக்கும் பாறையின் முதுகு வெளியே தெரிந்துவிட்டால் போதும். "யார் முதலில் குடிப்பது?" என்ற கேள்வி வந்துவிடும்.

முதலில் குடிப்பவர்களுக்குத் தண்ணீர். அடுத்து வருகிறவர்களுக்குச் சேறு. ஏனென்றால் மேக்காட்டில் பன்றிகள் அதிகம். பன்றி தண்ணீர் குடிக்க வந்தால் குடித்ததோடு போகாது, குளித்துவிட்டுத்தான் போகும்.

கீழ்க்காட்டில் பொம்மக்கா என்ற யானை இருந்தது. அது நினைத்தால் குட்டை முழுவதையும் ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு நடந்திருக்கலாம். ஆனால் கரட்டுக்காட்டில் எதற்கும் ஒரு முறை உண்டு. தண்ணீருக்குப் பனம்பழப் பந்தயம்தான் முறை.

பந்தயம் இதுதான். ஒரு தரப்புக்கு மூன்று பழம். ஒருவர் எறிய வேண்டும், இன்னொருவர் தரையில் படாமல் பிடிக்க வேண்டும். பிடித்த பழத்தை, பந்தயம் நடக்கும் பொட்டலின் ஓரத்தில் இருக்கும் கறையான் புற்றின் மேல் கொண்டுபோய் வைக்க வேண்டும். பழம் பறக்கத் தொடங்கியதும் நடுவர் ஆமை புங்கமரத்து நிழலிலிருந்து கிளம்பிப் புற்றை நோக்கி நடக்கும். ஆமை வந்து சேர்வதற்குள் பழம் புற்றின் மேல் இருந்தால்தான் கணக்கு. எதிர்த்தரப்பில் ஒருவர் ஓடிவந்து மறிக்கலாம், மிரட்டலாம். ஆனால் பழம் கைக்கு வரும்வரை மேலே படக்கூடாது. ஜெயித்தவர்களுக்கு ஐப்பசி மழை வரும்வரை விடியற்காலைத் தண்ணீர். தோற்றவர்கள் உச்சிவேளைக்கு மேல்தான் வர வேண்டும்.

போன வருஷம் கீழ்க்காடு தோற்றது. செவ்வந்தி என்ற மானின் குட்டி சேற்றைக் குடித்துவிட்டு நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. பிழைத்ததே பெரிய பாடு.

அதனால் இந்த வருஷம் யார் பிடிப்பது என்று கீழ்க்காடு கூடிப் பேசியது. சடையன் என்ற குரங்கு மரத்திலிருந்து இறங்கி வந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நம்ம பக்கம் கைன்னு ஒண்ணு இருக்கிறது எங்க கூட்டத்துக்கு மட்டும்தான். நான் பறிக்காத பழமா? பழத்தப் பறிக்கிறவனுக்குப் பிடிக்கத் தெரியாதா?"

சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பறிக்கிற பழம் கிளையில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். எறிகிற பழம் அப்படி நமக்காகக் காத்திருக்காது. இந்த வித்தியாசம் சடையனுக்குத் தெரியவில்லை. மற்ற குரங்குகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவை மரத்தை விட்டு இறங்கவே இல்லை.

பழக்கிப் பார்க்கும் பொறுப்பு வெள்ளச்சி என்ற முயலுக்குப் போனது. முயலுக்குப் பிடிக்கத் தெரியாது. ஆனால் பிடிப்பதைப் பற்றிப் பேச நன்றாகத் தெரியும்.

முதல் நாள் சடையன் வேப்பமரத்தடியில் நின்றது. பொம்மக்கா தும்பிக்கையைச் சுழற்றி எறிந்தது. பழம் வந்தது, சடையனின் உச்சந்தலையில் மொத்தென்று விழுந்து தெறித்தது.

"வெயிலு கண்ணக் கூசுது" என்றது சடையன்.

"நிழல்லதான நிக்கிறே?"

"நிழலும் கூசுது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வெள்ளச்சி சடையனைச் சுற்றி வந்து பார்த்தது. சடையனின் வலது கை பனம்பழச் சாறு வழிய முன்னால் நீண்டிருந்தது. இடது கையோ தலைக்கு மேலே வேப்பங்கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அந்தக் கை அங்க என்ன பண்ணுது?"

சடையன் நிமிர்ந்து பார்த்தது. "அட, இது எப்பப் போச்சு?"

பாவம், அதைச் சொல்லிக் குற்றமில்லை. பூனை தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போகும். குரங்கு அப்படி இல்லை. குட்டிதான் தாயின் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாய் மரத்துக்கு மரம் தாவும்போது குட்டி பிடியை விட்டால் கதை முடிந்தது. பிறந்த அன்றைக்கே குரங்குக்குத் தெரிந்துவிடும் பாடம் அது. பயம் வந்தால் எதையாவது பிடி. ஒரு கையாவது எதையாவது பிடித்திருக்கட்டும். பனம்பழம் பறந்து வரும்போது சடையனுக்குப் பயம் வந்தது. இடது கை தன் வேலையைப் பார்த்தது.

இரண்டாம் நாள் மரமே இல்லாத ஒரு வெட்டவெளிக்கு அழைத்துப் போனார்கள். பழம் வந்தது. வலது கையில் பட்டு நழுவிப் போனது.

"ஆடிக்காத்துல அம்மியே பறக்குது, பழம் பறக்காதா?" என்றது சடையன். அதன் இடது கை நிறையக் கோரைப்புல் இருந்தது.

மூன்றாம் நாள் புல்லும் இல்லாத கட்டாந்தரையாகப் பார்த்து நிறுத்தினார்கள். பழம் பறந்து வந்தபோது ஒரு கீச்சுக் குரல் கேட்டது. அது வெள்ளச்சியின் குரல். சடையன் அதன் காதைப் பிடித்திருந்தது.

"விடுடா! ஏற்கெனவே நீளமா இருக்குன்னு ஊரே சிரிக்குது. இதுல நீ வேற இழுக்கிறியா?"

சடையன் காதை விட்டுவிட்டுப் பொம்மக்காவிடம் போய் நின்றது. மூன்று நாளில் அதன் வாய் பாதியாகக் குறைந்திருந்தது.

"அக்கா, நான் வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன். எனக்கு விடணும்னு தெரியுது, கைக்குத் தெரிய மாட்டேங்குது. வேற யாரையாச்சும் போட்டுரலாமா?"

"யாரைப் போடச் சொல்றே? செவ்வந்திக்கு நாலும் காலு. வெள்ளச்சிக்கு மொத்தமும் வாய். நீதான் தம்பி நிக்கணும்" என்றது யானை.

செவ்வந்தியும் அங்கேதான் இருந்தது. அதன் குட்டி போன வருஷத்து மெலிவு இன்னும் தேறாமல் பக்கத்தில் நின்றது. சடையனுக்கு வெட்கமாக இருந்தது. போட்டியிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்றுதான் வந்தது. குட்டியைப் பார்த்தபின் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

பந்தய நாள் வந்தது. இரண்டு காடும் பொட்டலைச் சுற்றி உட்கார்ந்தது. மேக்காட்டுக்கு எறிவது எருமை, பிடிப்பது கரியன் என்ற கரடி. சடையனை மறிப்பதற்குக் கொம்பையா என்ற காட்டுப்பன்றி வந்து நின்றது.

"என்ன மாப்ளே, வேர்க்குதா?" என்று கேட்டது கொம்பையா.

"வெயிலு மாமா."

"இன்னும் வெயிலே வரலியே."

எருமை கொம்பால் நெம்பி எறிந்த முதல் பழம் கரடியின் தலைக்கு மேல் போய்விட்டது. அடுத்து சடையனின் முறை. பழம் உயரே எழும்பியதும் கொம்பையா உறுமிக்கொண்டு ஓடிவந்தது. சடையன் பழத்தைப் பார்த்தது, பன்றியைப் பார்த்தது, மறுபடி பழத்தைப் பார்த்தது. அதற்குள் பழம் தரையைப் பார்த்துவிட்டது.

கரடியின் இரண்டாவது பழம் அதன் தொந்தியில் பட்டு உருண்டோடியது. சடையனுக்கு இரண்டாவது பழம் வந்தது. இந்தத் தடவை பன்றியைப் பார்க்கக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டது. பழத்தையே பார்த்தது. பழம் நேராக வந்தது, வலது உள்ளங்கையில் விழுந்தது, ஒரு கையில் நிற்காமல் புரண்டு கீழே விழுந்தது. அந்த வேகத்தில் சடையனும் பின்பக்கமாகத் தடாலென்று விழுந்தது.

இரண்டு காடும் சேர்ந்து சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? விழுந்து கிடந்த சடையன் இடது கையால் தன் வாலையே இறுக்கிப் பிடித்திருந்தது.

சடையன் குனிந்து அந்தக் கையைப் பார்த்தது. வாலைப் பார்த்தது. சிரிப்புச் சத்தம் காதில் விழுந்தாலும் அதன் யோசனை வேறெங்கோ போயிருந்தது.

"வெள்ளச்சி, இங்க வா. நான் வாலைப் பிடிச்சிருந்தேன், சரிதானே?"

"ஊரே பார்த்துச்சு."

"அப்படியும் விழுந்துட்டேனே?"

"நீ விழுந்தா உன் வால் மட்டும் அந்தரத்துலயா நிக்கும்? அதுவும் கூடத்தானே விழும்!"

சடையன் மெல்ல எழுந்து உட்கார்ந்தது. "அப்ப இத்தனை நாளா இந்தக் கை என்னைக் காப்பாத்தவே இல்லையா?" என்றது.

வெள்ளச்சி அதன் முதுகில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டது.

கரடியின் மூன்றாவது பழம் பறந்தது. கரியன் இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்துவிட்டது. மேக்காடு குதித்தது. கீழ்க்காட்டுக்கு மூச்சே நின்றது. கரடி புற்றுக்கும் வந்துவிட்டது. ஆனால் பழுத்த பனம்பழத்தின் வாசனை லேசுப்பட்டதல்ல. கரடி மோந்து பார்த்தது. ஒரு நக்கு நக்கியது. அப்புறம் ஒரு கடி.

"வைடா, வைடா!" என்று எருமை கத்தியது.

"வைக்கிறேன், இந்த ஓரம் மட்டும்" என்றது கரடி. ஆமை புற்றுக்கு வந்து சேர்ந்தபோது கரடியின் கையில் கொட்டையும் நாரும்தான் மிச்சம். அந்தப் பழமும் கணக்கில் சேரவில்லை.

இனிமேல் ஒரே ஒரு பழம். சடையன் அதைப் பிடித்து வைத்தால் தண்ணீர். விட்டால் பந்தயம் சமன். சமன் என்றால் போன வருஷத்து முறையே தொடரும். அதாவது இந்த வருஷமும் சேறு.

சடையன் பொட்டலின் நடுவே போய் நின்றது. பொம்மக்கா எறிந்தது. ஆமை கிளம்பியது. கொம்பையா புழுதி பறக்க ஓடிவந்தது. "மாப்ளே, வந்துட்டேன், வந்துட்டேன்!"

இடது கை வாலைத் தேடிப் பின்னால் போனது. சடையன் அதை முன்னால் இழுத்தது. கை மறுபடி போனது. சடையன் மறுபடி இழுத்தது. தாயின் வயிற்றிலிருந்து பிடி விட்டுப்போன குட்டிக்கு இருப்பது மாதிரி இருந்தது. 'விழுந்தா விழறேன். வாலைப் பிடிச்சாலும் விழத்தானே போறேன்' என்று நினைத்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இரண்டு கையிலும் ஒன்றுமில்லாமல் நின்றது.

பழம் அந்த இரண்டு கைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது.

அடுத்த நொடி கொம்பையா வந்து மோதியது. சடையன் நாலு குட்டிக்கரணம் போட்டது. பன்றி முட்டியது, இழுத்தது, உலுக்கியது. பழம் வரவில்லை. பிடித்தது பிடித்ததுதான். குரங்குப்பிடி என்று சும்மாவா சொன்னார்கள்? சடையன் புழுதியை உதறிக்கொண்டு புற்றை நோக்கி ஓடியது. வந்தும் சேர்ந்தது.

அங்கே போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"வைடா!" என்று கத்தியது வெள்ளச்சி.

"வைக்கத்தான் பார்க்கிறேன்! இப்ப ரெண்டு கையும் விட மாட்டேங்குது!"

ஆமை வந்துகொண்டிருந்தது. ஆமை இத்தனை வேகமாக நடக்கும் என்று கீழ்க்காட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது. சடையன் கண்ணை இறுக மூடியது. ஒரு விரலை எடுத்தது. ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றை எடுத்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தது. ஆமையின் மூக்குக்கும் புற்றுக்கும் நடுவில் ஒரு வெட்டுக்கிளி உட்காரும் அளவுக்கு இடம் இருந்தபோது பத்தாவது விரலும் விட்டது. பழம் புற்றின் மேல் உட்கார்ந்திருந்தது.

"ஆமையார் முன்னாடியே வந்துட்டாரு!" என்றது கொம்பையா.

ஆமை நிமிர்ந்து பார்த்தது. "நான் இன்னும் வரல" என்றது. சொல்லிவிட்டு மிச்ச தூரத்தையும் நடந்து முடித்தது.

மறுநாள் விடியற்காலையில் குட்டை கண்ணாடி போல் தெளிந்திருந்தது. செவ்வந்தியின் குட்டி வயிறு முட்டக் குடித்தது. அது குடித்து முடிக்கும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. பிறகு சடையன் கரைக்கு வந்தது. கரையோரத்துக் கோரைப்புல்லைப் பிடிக்க இடது கை நீண்டது. பாதி வழியில் நின்றது. திரும்பி வந்து வலது கையோடு சேர்ந்தது. சடையன் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்தது.

பிடித்திருப்பதை விடத் துணிந்த கைக்குத்தான் வருவது வந்து சேரும்.