சலவைக்கூடத்தில் வடிவு

“வடிவுக்கு இந்த வேலை வராது, டீச்சர். நான் தோத்துட்டேன்.”

இஸ்ரவேல் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்து திரும்பியவர். அந்தச் சொல் அவர் வாயில் எளிதில் வராது.

சுபைதா டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஊன்றுகோல் ஊன்றி நடப்பவர். மூளை வளர்ச்சி குறைவு என்று வீட்டுக்குள் வைக்கப்பட்டவர்களை வெளியே அழைத்துவந்து, சம்பளத்துக்கு வேலையில் சேர்த்து, அது நிலைக்கும்வரை கூடவே இருப்பது அவர் நடத்தும் நிலையத்தின் பணி. அதைக் கற்றுக்கொள்ளத்தான் இஸ்ரவேல் அவரிடம் வந்து சேர்ந்திருந்தார். எட்டு மாதமாக வடிவு அவர் பொறுப்பில் இருந்தாள்.

“என்ன நடந்துச்சு, அண்ணாச்சி?”

“முந்தாநாள் எனக்குக் காய்ச்சல், போகல. மடிக்க எடுத்த ஒரு படுக்கை விரிப்பைக் கையில வச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் அப்படியே நின்னுருக்கா. இன்னொரு தடவை இப்படின்னா நிறுத்திருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டார்.”

“நீங்க இருந்தா?”

“நான் இருந்தா ஒரு பிசகு வராது.”

டீச்சர் ஊன்றுகோலை எடுத்தார்.

“வாங்க, போவோம்.”

ஆஸ்பத்திரியின் சலவைக்கூட வாசலில் வடிவு காத்திருந்தாள். இருபத்தாறு வயது. இஸ்ரவேல் வந்த பிறகுதான் அவள் உள்ளே போவாள். இந்த வேலையும் போனால், மறுபடி வீட்டின் பின்கட்டில் அடைந்து கிடப்பதுதான் அவளுக்கு.

உள்ளே வெந்நீர் ஆவி மண்டிக் கிடந்தது. வடிவு ஒரு விரிப்பை மடித்தாள். இஸ்ரவேலின் முகத்தைப் பார்த்தாள்.

“சரி,” என்றார் அவர்.

அடுத்ததை மடித்தாள். பார்த்தாள்.

“சரி.”

டீச்சர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இஸ்ரவேலைக் கூடத்தின் கோடிக்கு அழைத்துப்போய், சுவரைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“திரும்பாதீங்க.”

சற்று நேரத்தில் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

“சார், சரியா?”

இஸ்ரவேல் எழப்போனார். டீச்சர் ஊன்றுகோலை அவர் முழங்காலுக்குக் குறுக்கே வைத்தார்.

“சார்…”

“அவ வேலை போயிரும், டீச்சர்.”

டீச்சர் ஊன்றுகோலை எடுக்கவில்லை.

“சார்!” மூன்றாவது முறை அந்தக் குரல் உடைந்தது. இஸ்ரவேல் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பிறகு சத்தமே இல்லை. இயந்திரங்கள் மட்டும் உறுமின.

அப்புறம் செருப்புச் சத்தம். நாலைந்து அடி. நின்றது.

“அக்கா… இது சரியா?”

“என்னையா கேக்க?”

பக்கத்து மேசையில் மடிக்கிற பிச்சம்மாளின் குரல்.

“ஆமா.”

“முனை ரெண்டும் கோணிக்கிட்டு நிக்கி பாரு. இம்புட்டுப் பெரிய விரிப்பை ஒத்தையில மடிச்சா இப்படித்தான். இந்தா, அந்தத் தலைப்பைப் பிடி. இழு. ஏட்டி, என்னையும் சேத்து இழுக்காத!”

வடிவு சிரித்தாள்.

எட்டு மாதத்தில் அந்தச் சிரிப்பை இஸ்ரவேல் கேட்டதே இல்லை.

அன்று பகல் முழுக்க அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் விரிப்பை உதறும் சத்தம் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு முறை அது நின்றது. பிச்சம்மாள் ஏதோ சொன்னாள். மறுபடி தொடங்கியது.

சாயந்திரம் சூப்பர்வைசர் வந்து அடுக்குகளைப் பார்த்தார். ஒன்றை உருவி, விரித்து, முனை பார்த்தார்.

“நாளைக்கு ஏழு மணிக்கே வரச் சொல்லுங்க,” என்றார் இஸ்ரவேலிடம்.

“அவகிட்டயே சொல்லுங்க,” என்றார் டீச்சர்.

சூப்பர்வைசர் தயங்கினார். பிறகு திரும்பி, “ஏம்மா, நாளைக்கு ஏழு மணிக்கு வந்துருவியா?” என்றார்.

“வாரேன்,” என்றாள் வடிவு. சொல்லும்போது அவள் இஸ்ரவேலின் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது இஸ்ரவேலின் கண் கலங்கியிருந்தது. சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று அவருக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நடந்தார்கள்.

“அடுத்தடுத்த மேசைதான், டீச்சர். எட்டு மாசமா அந்தப் பிச்சம்மா இவகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. ஏன்?”

சுபைதா டீச்சர் நின்று அவரைப் பார்த்தார்.

“நடுவுல நீங்க நின்னீங்களே, அண்ணாச்சி.”