முந்நூறு மடங்கு இனிப்பு

வெள்ளாங்கட்டளையில் ஆவுடையப்பன் வீடு எது என்று கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். கூடவே நடந்து வந்து காட்டுவார்கள். அந்த வீட்டுக்குள் போகிறவருக்கு என்ன ஆகப்போகிறது என்று தாங்களும் பார்க்க வேண்டும் என்கிற ஆசைதான்.

நூல் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஆவுடையப்பன். தன்னைப் போலக் கவனமான ஆள் ஜில்லாவிலேயே கிடையாது என்பது அவர் எண்ணம். யார் என்ன சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்துவிடுவார். மனைவி கோமதிக்கு இரண்டு தம்பிகள். மூத்தவர் பூலுடையார், இளையவர் சங்கிலி. அடுத்தடுத்த வீடு. அத்தானைப் பார்த்துத்தான் தாங்களும் கவனமாக இருக்கப் படித்துக்கொண்டதாக இருவரும் சொல்வார்கள்.

மூன்று ஆண்களுக்கும் சர்க்கரை. சீனியை வீட்டுப் பக்கமே சேர்க்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே சீனி டப்பாவைக் கொண்டுபோய் எதிர் வீட்டில் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு காபி குடிக்க வேண்டும் என்றால் டம்ளரோடு எதிர் வீட்டுக்குப் போய், அங்கேயே சீனி போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு வந்தார்கள். டாக்டர் பேச்சைத் தட்டவில்லை. நாலு மாதம் கழித்து எதிர் வீட்டுக்காரர் காபி நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கவே, வேறு வழியில்லாமல் மருந்துக்கடைச் சொட்டு பாட்டிலுக்கு மாறினார்கள்.

விரலளவு பாட்டில் அது. ஏலக்காய் மணம் அடிக்கும். சீனி கிடையாது, ஆனால் இனிக்கும். விலையைக் கேட்டதும்தான் கசக்கும்.

இப்படி இருக்கையில் மகள் சுபாஷினிக்குத் தென்காசியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணுக்கும் பையனுக்கும் போனில் பேசிப் பிடித்துப்போய்விட்டது. பையனின் அப்பா தளவாய் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. குடைக்கடை வைத்திருக்கும் அவர் இதற்கு முன் ஐந்து வீட்டில் பெண் பார்த்து, ஐந்திலும் சாப்பிடாமல் எழுந்து வந்தவர். தரகர் ஆவுடையப்பனைத் தனியே கூப்பிட்டு இரண்டு விஷயம் சொல்லிவைத்தார். தளவாய் பதினொரு வருஷமாகச் சர்க்கரைக்காரர், பாயசத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர், ஆகவே அவருக்கும் ஒத்துக்கொள்கிற மாதிரி இனிப்பு செய்து வைக்க வேண்டும். இரண்டாவது, அவர் உங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரி.

சுபாஷினியும் அப்பாவிடம் வந்து நின்றாள். “அப்பா, எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்களும் மாமாக்களும் எதுவும் செய்யாம இருந்தாப் போதும்” என்றாள்.

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எதுவுமே வேண்டாம் என்கிற பெண் யாருக்குக் கிடைப்பாள்? இப்படிப்பட்ட பெண்ணுக்கு ஏதாவது செய்யாமல் இருந்தால் தான் என்ன அப்பா என்று நினைத்துக்கொண்டு, நேரே மருந்துக்கடைக்குப் போனார். மச்சினர்கள் இருவரும் பின்னாலேயே போனார்கள்.

மருந்துக்கடை ஜெசிந்தாவுடையது. பக்கத்து அறையில் ரத்தப் பரிசோதனையும் அவளே செய்வாள். விருந்துக்கு இருபது பேர், பாயசத்துக்குச் சொட்டு பாட்டில் எத்தனை வேண்டும் என்று ஆவுடையப்பன் கேட்டார். அந்தக் காசுக்கு வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று அவள் நல்ல மனதோடு ஒரு கால் கிலோ பொட்டலத்தை எடுத்து வைத்தாள். சீனித்துளசி என்று ஒரு செடி, அதன் இலையிலிருந்து எடுத்த பொடி. பிறகு செய்முறையும் சொன்னாள்.

“தண்ணியக் கொதிக்க வச்சு ஆற விடுங்க அண்ணாச்சி. பொடியைக் கரைங்க. மணத்துக்கு ஏலக்காயைத் தட்டிப் போடுங்க. வடிகட்டி எடுத்து வச்சுக்கிட்டா மாசக் கணக்குல வரும். ஆனா இது சீனியை விட முந்நூறு மடங்கு இனிப்பு. டம்ளருக்கு ரெண்டு சொட்டு போதும். பாத்துப் போடுங்க.”

மூவரும் அதை ஆளுக்கொரு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினார்கள். ஒரு வார்த்தை பிசகவில்லை.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை நடுவில் வைத்து உட்கார்ந்ததும் முதல் சந்தேகம் பூலுடையாருக்கு வந்தது. “அத்தான், சீனி இல்லாத இனிப்புன்னு சொல்லிட்டு, பேரு சீனித்துளசின்னு போட்டிருக்கே. இதுல சீனி இருக்கு.”

ஆவுடையப்பன் பொட்டலத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இருந்தது. கொட்டை எழுத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார். சீட்டிலிருந்து ‘சீனி’ என்கிற பாகத்தை மட்டும் ஒழுங்காக வெட்டி எடுத்து, எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்கள். மிச்சம் இருந்தது துளசி. துளசி என்பதால் மூவரும் செருப்பைக் கழற்றி வைத்தார்கள்.

அடுத்தது ஏலக்காய். தட்டிப் போட வேண்டும் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். எங்கே தட்டுவது என்று சொல்லவில்லை. குழந்தையைத் தட்டுகிற மாதிரி முதுகில்தான் என்றார் சங்கிலி. ஏலக்காய்க்கு முதுகு எந்தப் பக்கம் என்று பூலுடையார் கேட்டார். அது முக்கால் மணி நேரம் ஓடியது. கடைசியில் ஆவுடையப்பன், இரண்டு பக்கமும் தட்டிவிட்டால் முதுகும் அதில் அடங்கிவிடும் என்று தீர்ப்புச் சொன்னார். ஐம்பது ஏலக்காயையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து, இரண்டு பக்கமும் மெல்லத் தட்டிக் கொடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார்கள். மனசுக்கு இதமான வேலையாக இருந்ததாகச் சங்கிலி சொன்னார்.

பெரிய சிக்கல் அந்த முந்நூறு மடங்கில்தான் வந்தது.

“ஒரு கரண்டி சீனிக்கு ஒரு டம்ளர் தண்ணின்னா, இதுல ஒரு கரண்டிக்கு முந்நூறு டம்ளர் வேணும் அத்தான். ஒரு டம்ளர் குறைஞ்சாலும் இனிப்பு கூடிரும்” என்றார் பூலுடையார்.

“இனிப்பு கூடினா சம்பந்திக்குச் சர்க்கரை கூடிரும்” என்றார் சங்கிலி.

ஆவுடையப்பன் முதுகில் வியர்த்தது. இன்னும் சம்பந்தியாகவே ஆகாத மனிதரைக் கொன்றுவிட்டு அப்புறம் யாரிடம் போய்ச் சம்மதம் கேட்பது? தெருவில் உள்ள டம்ளர்களையெல்லாம் கேட்டு வாங்கித் தண்ணீர் ஊற்றி எண்ணத் தொடங்கினார்கள். நூற்றுப் பதினேழில் சங்கிலிக்குத் தாகம் எடுத்து ஒன்றைக் குடித்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். இரண்டாம் முறை இருநூறு வரை வந்து, குடித்த டம்ளரைச் சேர்ப்பதா கழிப்பதா என்று வாக்குவாதமாகி அதுவும் நின்றது.

அப்போதுதான் மொட்டைமாடித் தொட்டி ஆவுடையப்பன் நினைவுக்கு வந்தது. ஆயிரம் லிட்டர். எத்தனை கரண்டி போட்டாலும் தாங்கும். சித்திரை மாத மத்தியான வெயிலில் அதில் கை வைத்தால் கொப்பளித்துவிடும், ஆகவே கொதித்த மாதிரி. சாயங்காலம் தானாக ஆறிவிடும், ஆகவே ஆறவிட்ட மாதிரி. விறகு மிச்சம், கேஸ் மிச்சம். மச்சினர்கள் இருவரும் அவரை வாய் பிளந்து பார்த்தார்கள். முழுப் பொட்டலத்தையும் தொட்டியில் கொட்டி, தென்னை மட்டையால் கலக்கி, தட்டிய ஏலக்காய்களை மிதக்க விட்டு இறங்கினார்கள். வடிகட்ட வேண்டுமே என்று கொல்லைக் குழாயின் வாயில் ஆவுடையப்பனின் புது வேட்டியைக் கட்டினார்கள். கொல்லைக் குழாயில் வருவது மருந்து, அதை யாரும் தொடக்கூடாது என்று கோமதியிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள்.

கோமதி தொடவில்லை. மறுநாள் விருந்துச் சமையல் முழுவதையும் அடுக்களைக் குழாய்த் தண்ணீரிலேயே செய்தாள். விசேஷச் சமையலைப் பரிமாறுவதற்கு முன் ருசி பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. பாயசத்தை மட்டும் சுத்தமான பாலில், ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காமல் காய்ச்சி, இனிப்பைக் கணவரிடம் விட்டுவிட்டாள். அவர் இருபது டம்ளர்களையும் கொல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோனார். பார்த்துப் போடச் சொல்லியிருந்ததால் கண் இமைக்காமல் பார்த்தார். டம்ளருக்கு இரண்டு சொட்டு, வேட்டி வழியாக விழுந்தது. முடித்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்குத் தளவாயின் கார் வந்தது.

சம்பந்தி கை நனைக்க வேண்டும் என்றால் அதற்குச் சாப்பாட்டு நேரம் வரை எதற்குக் காத்திருப்பது என்று மூவரும் முன்னாடியே பேசி வைத்திருந்தார்கள். தளவாய் ஒரு காலைத் தரையில் வைத்ததும் சங்கிலி அவர் வலது கையைப் பிடித்து நீட்டினார். பூலுடையார் ஒரு செம்புத் தண்ணீரை முழங்கை வரை ஊற்றினார். ஆவுடையப்பன் கும்பிட்டார்.

“கை நனைஞ்சிருச்சு அண்ணாச்சி. கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்?”

ஜன்னலுக்குப் பின்னால் சுபாஷினி கண்ணை மூடிக்கொண்டாள். தளவாய் தன் கையைப் பார்த்தார். சட்டைக் கை நனைந்து தொங்கியது. டிரைவரைப் பார்த்து வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டு, முகத்தில் தெறித்ததை அதே ஈரக் கையால் மீசையோடு சேர்த்துத் துடைத்தார். துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாக்கு நுனி மீசையைத் தொட்டது. பிறகு ஆள்காட்டி விரலை வாயில் வைத்தார். பிறகு நடுவிரலை.

“இது என்ன தண்ணி?” என்றார் மெதுவாக.

“குழாய்த் தண்ணிதான் அண்ணாச்சி” என்றார் ஆவுடையப்பன். மறுபடி கும்பிட்டார்.

தளவாய் டிரைவரை வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

அன்றைக்கு அவர் சாப்பிட்டதை வெள்ளாங்கட்டளையில் இன்னும் பேசுகிறார்கள். சோறு இனித்தது. சாம்பார் இனித்தது. ரசம் மூன்று தடவை வாங்கிக் குடித்தார், அதுவும் இனித்தது. மோர் தொண்டையில் இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டார். கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியவர் சாப்பிடும்போது குறை சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியாகப் பாயசம் வந்தது. பந்தியிலேயே இனிக்காமல் இருந்தது அது ஒன்றுதான். தளவாய் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“சர்க்கரைக்காரன் இருக்கிற பந்தியில பாயசம் இப்படித்தான் இருக்கணும். கட்டுப்பாடான குடும்பம்” என்றார். ஆவணியில் கல்யாணம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

சுபாஷினி அழுதுவிட்டாள். அது சந்தோஷத்தில்தான் என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வெற்றிலை போட்டு முடித்த பிறகுதான் தளவாய்க்குப் பயம் பிடித்தது. பதினொரு வருஷத்து இனிப்பை ஒரே மத்தியானத்தில் சாப்பிட்டிருக்கிறோமே என்று சடாரென எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து மற்ற மூவரும் எழுந்தார்கள். நாலு பேரும் ஜெசிந்தாவிடம் போனார்கள். அவள் விவரம் கேட்டாள், ஏலக்காய் வரைக்கும் கேட்டாள், கொஞ்ச நேரம் மேஜையில் தலை கவிழ்ந்து இருந்தாள். பிறகு, அந்தப் பொடியால் சர்க்கரை ஏறாது, பயப்பட வேண்டாம் என்றாள். தளவாய்க்கு மனசு ஆறவில்லை. ரத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றார்.

“சாப்பிட்ட கையோட பாத்தா சரியா வராது. காலையில எல்லாரும் வெறும் வயித்தோட வாங்க” என்று அனுப்பி வைத்தாள்.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டதாகச் சங்கிலி காட்டினார். இருந்தாலும் காலையிலேயே வரச் சொல்லிவிட்டாள். தளவாய் அன்று ஆவுடையப்பன் வீட்டிலேயே தங்கினார்.

மறுநாள் காலையில் ஆவுடையப்பனுக்கு ஒரே கவலை. நாம் எப்படியும் போய்விடலாம்; தென்காசியில் நாலு பேர் மதிக்கிற மனிதரைச் சட்டை இல்லாமல் கடைத்தெரு வழியாக எப்படிக் கூட்டிப்போவது? தயங்கித் தயங்கி முன்கட்டுக்கு வந்தால், தளவாய் ஏற்கெனவே சட்டையும் பனியனும் கழற்றி, மடித்து வைத்துவிட்டு, தொப்பையைத் தடவியபடி நின்றுகொண்டிருந்தார். “கிளம்புவோமா சம்பந்தி?” என்றார். ஆவுடையப்பனுக்குப் பெண்ணை நல்ல இடத்தில்தான் கொடுக்கிறோம் என்கிற நிம்மதி அப்போதுதான் வந்தது.

பூலுடையாருக்கு மட்டும் சளி. அவர் சட்டை போட்டுக்கொண்டு, வயிறு இருக்கிற இடத்தில் மட்டும் தட்டு அகலத்துக்கு வட்டமாக வெட்டி எடுத்திருந்தார்.

ஜெசிந்தா நாலு பேரையும் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். ஊசியைக் கையில் எடுத்தவள், எதற்கும் கேட்டுவிடலாம் என்று, ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். ஆவுடையப்பனுக்கு வருத்தமாகிவிட்டது. வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் பட்டினியாக அழைத்து வருகிறவரா அவர்? ஆளுக்கு எட்டு இட்லி ஆயிற்று என்று சொன்னார்.

ஜெசிந்தா ஊசியைக் கீழே வைத்தாள். இந்த முறை சந்தேகத்துக்கே இடம் வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள். “நாளைக்கு வாங்க அண்ணாச்சி. வயித்துல ஒண்ணுமே இருக்கக்கூடாது. எதுவுமே.”

நாலு பேரும் தலையாட்டிவிட்டுக் கடைத்தெருவில் இறங்கி நடந்தார்கள். சங்கிலி அரைஞாண் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். ஆவுடையப்பன் வயிற்றில் குங்குமமும் விபூதியும் ஒட்டியிருந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வரும்போது தளவாய் திடீரென்று நின்றார். குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“சம்பந்தி,” என்றார், “தொப்புளை என்ன செய்யிறது?”