கொட்டை விழாத கிண்ணம்

“அம்மா, நான் மலையிறங்கிவிடுகிறேன்” என்றார் கதிரேசன்.

“ஏன், சோறு சரியில்லையா?” என்றார் மடத்தின் குரு, அம்மை.

“என் கிண்ணத்தில் இன்றைக்கும் ஒரு கொட்டைகூட விழவில்லை. நாளையும் விழாவிட்டால் பெரியவர்களே அனுப்பிவிடுவார்கள்.”

அது துக்கம் கேட்கும் மடம். மனம் நொந்தவர்கள் மலையேறி வருவார்கள். சீடர்கள் எதிரே உட்கார்ந்து கேட்பார்கள். அங்கே பேசிய ஆறுதலில் பாறையே கசிந்து சுனையானது. குடித்துப் பார்த்தேன். லேசாக உப்பு.

சீடருக்கு அடுத்தவர் மனம் புரிகிறதா என்று அறிய ஒரு தேர்வு உண்டு. திரைக்குப் பின்னால் பெரியவர்கள் இருப்பார்கள். சீடர் கனிவாக ஒன்று சொன்னால் வெண்கலக் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை போடுவார்கள். டிங்.

விருத்தகிரி என்ற சீடரின் கிண்ணம் எப்போதும் வழியும்.

“அவரிடம் கற்றுக்கொள்ளட்டுமா?” என்றார் கதிரேசன்.

“நாளை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றார் அம்மை.

மறுநாள் சடையன் வந்தார். கிணறு வெட்டுகிறவர். மண் சரிந்தபோது அவர் மேலேறிவிட்டார், தம்பி ஏறவில்லை. அன்று போன தூக்கம் திரும்பவில்லை. ஆந்தைகளே வந்து, “நீ படு, ராத்திரியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று கெஞ்சியும் பலனில்லை.

முதலில் விருத்தகிரி உட்கார்ந்தார்.

“உங்கள் வலி எனக்குப் புரிகிறது.”

டிங்.

“தம்பியை இழந்தால் கை ஒடிந்த மாதிரி இருக்கும்.”

டிங். டிங்.

சடையன் திரையைப் பார்த்தார். “ஆமாங்க சாமி” என்றார். துண்டை உதறி எழுந்தார்.

“அதற்குள்ளாகவா?” என்றார் அம்மை.

“சாமிக்குத்தான் எல்லாம் புரிஞ்சுடுச்சே. நான் சொல்ல என்ன இருக்கு?”

அம்மை கதிரேசனுக்குக் கண்ணைக் காட்டினார். கதிரேசன் சடையனை மறுபடி உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மறுபடி கிணத்துல இறங்கணுமேன்னு பயமா இருக்கா?”

“பயமெல்லாம் இல்லீங்க.”

“தம்பியை அனுப்பினவங்க மேல கோபமா?”

“யாரும் அனுப்பலை. அவனா வந்தான்.”

திரைக்குப் பின்னால் யாரோ செருமினார்கள்.

“அப்போ எனக்குத் தெரியலை” என்றார் கதிரேசன். “நீங்களே சொல்லுங்க.”

சடையன் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

“வெளிய வந்து விழுந்தேன் சாமி. மூச்சு வந்துச்சு. சந்தோஷமா இருந்துச்சு. தம்பி உள்ள கிடக்கான், எனக்குச் சந்தோஷம்.”

கதிரேசன் மெல்லக் கேட்டார்:

“கண்ணை மூடினா அந்தச் சந்தோஷம்தான் வருதா?”

“அதேதான்” என்றார் சடையன். “அதேதான் சாமி.”

அப்புறம் அவர் அழுதார். தம்பியின் பிடிவாதத்தை, அவன் பாடும் கோணல் பாட்டை எல்லாம் சொன்னார். பேச்சு தேய்ந்தது.

“ஒரு கொட்டைகூட இல்லை” என்று திரைக்குள்ளிருந்து பெரியவர் ஒருவர் அதட்டினார். “கேட்டதெல்லாம் தப்பு. தெரியாது என்று வேறு சொல்கிறார்.”

அப்போது மலை அதிர்ந்தது. சுனைத் தவளைகள் வாயடைத்துப்போயின. அடுத்த மலையில் இடி என்று நினைத்து மாட்டை அவிழ்த்துத் தொழுவத்தில் கட்டினார்கள்.

சடையனின் குறட்டை. தலை கதிரேசனின் தோளில்.

அம்மை எழுந்தார். திரையை உருவினார். கையில் கொட்டைகளோடு பெரியவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். திரையை மடித்து, சடையனை மெல்லச் சாய்த்து, தலைக்குக் கீழே வைத்தார்.

“அப்படியென்றால் தீர்ப்பு?” என்றார் பெரியவர்.

“மெதுவாகப் பேசுங்கள்” என்றார் அம்மை. “தீர்ப்புச் சொன்னவர் தூங்குகிறார்.”