பிஷப்பின் முத்துக் கடிகாரம்

ரைன் நதிக்கரையில் ஒரு சின்ன ஊர். ஆல்பிரெக்ட் பிரபுவின் காட்டில் மான் பிடித்ததற்காகச் சலவைக்காரி கெர்ட்ரூடின் புருஷனுக்குத் தூக்கு. நண்பகலுக்குள் அரசரின் மன்னிப்பு வந்தால் உயிர் பிழைப்பான். குதிரைக்காரன் இப்போதுதான் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

பிரபு கழுத்தில் தொங்கிய தங்கக் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். "பன்னிரண்டு தாண்டிவிட்டது. கயிற்றை மாட்டுங்கள்."

வானமெல்லாம் மழைமேகம். வெயிலைக் காட்டி மறுக்கவும் வழியில்லை.

கெர்ட்ரூட் அழவில்லை. "சரி எஜமான். கடிகாரம் வைத்திருக்கிற பெரியவர்கள் எல்லாரும் அவர் சாகிற நேரத்தைச் சொல்லட்டும். அந்த ஒரு மரியாதையாவது அவருக்குக் கிடைக்கட்டும்."

கடிகாரத்தைக் காட்டச் சொன்னால் எந்தப் பெரிய மனிதர் சும்மா இருப்பார்? ஜவுளி வியாபாரி "ஒன்று" என்றார். தளபதி "பன்னிரண்டரை" என்றார். பிஷப் முத்துப் பதித்த தன் கடிகாரத்தை மெல்லத் திறந்து, "பதினொன்றரை" என்றார்.

கெர்ட்ரூட் பிரபுவிடம் திரும்பினாள். "பிஷப்பின் கடிகாரம் பொய் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் எஜமான். கயிற்றை நானே மாட்டுகிறேன்."

பிரபு பிஷப்பைப் பார்த்தார். பிஷப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவிழ்த்துவிடுங்கள்" என்றார் பிரபு.

இரக்கம் அன்று ஒருவருக்கும் வரவில்லை. ஒரு கடிகாரத்தின் மானம் போய்விடக் கூடாது என்றுதான் ஒரு மனிதனை உயிரோடு விட்டார்கள்.